சூப்பர்வைசரின் கணுக்கால்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மனைவி. அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான். பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு உடைந்து கிடந்த மலையாளி ஒருவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிரிப்ஸ் பாட்டிலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ். வேறு யாரும் இல்லை. எனக்கு வேலை கொடுக்கிற மேஸ்திரி வந்திருப்பார் என்று நினைத்துக் கதவுப் பக்கம் பார்த்தேன். வரவில்லை.

இதை இவ்வளவு திட்டமாகச் சொல்லக் காரணம், கண் விழித்ததும் நான் செய்த முதல் வேலையே ஆள் எண்ணியதுதான். யார் யார் வந்திருக்கிறார்கள் என்பதை வைத்து எனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. ஊரிலிருந்து அக்கா வந்திருந்தால் நிலைமை மோசம். அக்காவோடு அத்தானும் வந்திருந்தால் அவ்வளவுதான். இருப்பது ஐந்து பேர், அதில் இரண்டு பேருக்கு நம்மோடு சம்பந்தமே இல்லை என்றதும் உயிருக்குப் பயமில்லை என்று தெரிந்தது. உடனே கால் ஞாபகம் வந்தது.

கால் இல்லை. இடுப்புக்குக் கீழே எதுவுமே இல்லை. மரத்துப்போகும் என்று சொல்லித்தான் முதுகில் ஊசி போட்டார்கள். காதில் வாங்கிக்கொண்டுதான் படுத்தேன். ஆனால் கேட்டுக்கொள்வது வேறு, அதற்குள் கிடப்பது வேறு. போர்வை தூரத்தில் மேடாகத் தெரிந்தது. அந்த மேடு கால்தானா தலையணையா என்று பார்க்கத் தலையைத் தூக்கினேன்.

"தல பொக்கல்லே, கேட்டோ! பின்னே தலவேதன வரும்," என்று நர்ஸ் ஒரு விரலால் என் நெற்றியை அமுக்கிப் படுக்க வைத்தாள்.

தலையைத் தூக்கக் கூடாது. தூக்கினால் தலைவலி வரும். கவலைக்கு ஒன்று இருந்தது, இப்போது இரண்டு. மனைவியைக் கண்ணால் கூப்பிட்டேன். குனிந்தாள்.

"வெரலு எத்தன இருக்குன்னு பாரு."

"அஞ்சும் இருக்கு. பேசாம கெடங்க."

"ரெண்டு கால்லயுமா?"

"ஒடஞ்சது ஒரு காலு. அடுத்த கால எதுக்கு எண்ணணும்?"

"மாத்திப் பண்ணியிருந்தாவன்னா?"

அவள் போர்வையைத் தூக்கி இரண்டு கால்களையும் எண்ணினாள். எனக்குக் கேட்கும்படி சத்தமாக எண்ணினாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்தார். இடுப்பு வலித்திருக்கும், பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"அண்ணாச்சி, நான் நாகர்கோவில் வண்டியில காலமெல்லாம் ஆளு எண்ணினவனா. எண்ணினதால ஆளு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. கண்ணடச்சு ஒறங்கு."

நான் உறங்கவில்லை. விரல் இருப்பதாக அவள் சொல்கிறாள், எனக்குத் தெரியவில்லையே என்றே கிடந்தேன். சாயங்காலம் இடது காலில் எறும்பு ஊர்வது போல முதலில் உயிர் வந்தது. வலது காலுக்கு உயிர் வந்தபோது வலியாகத்தான் வந்தது. வலிக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, அழ ஆரம்பித்துவிட்டேன்.

உடைந்த கதை பெரிய கதை இல்லை. நான் டைல்ஸ் போடுகிறவன். இந்த மலையாள ஊருக்கு வந்து தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. விதுரா போகிற ரோட்டில் ஒரு மாடி வீட்டு வேலை. டைல்ஸ் பெட்டியைத் தோளில் வைத்துப் படியேறினேன். கைப்பிடி இன்னும் வைக்காத படி. சிமெண்டுச் சாக்கு ஒன்று மிதிபட்டு வழுக்கியது. பெட்டியை விட்டிருந்தால் கால் பிழைத்திருக்கும். உடைந்தால் மேஸ்திரி கூலியில் பிடிப்பாரே என்று பெட்டியைப் பிடித்தேன். கீறி வைத்த டைல்ஸை முழங்காலில் வைத்து ஒடித்தால் ஒரு சத்தம் வருமே, அதே சத்தம் என் கணுக்காலுக்குள்ளிருந்து வந்தது. டைல்ஸ் ஒன்றுகூட உடையவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

மறுநாள் காலையில் டாக்டர் வந்தார். விரல்களை அசைக்கச் சொன்னார். அசைத்தேன். அடுத்த காலையும் கேட்காமலே அசைத்துக் காட்டினேன். படம் எடுத்ததைப் பார்த்துவிட்டு நல்லபடியாக வந்திருக்கிறது, பிளேட்டும் ஸ்குரூவும் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்றார். அப்புறம் சொன்னதுதான் இந்தக் கதை.

"சூப்பர்வைசர் அல்லே? அப்போ குழப்பமில்லா. கசேரியில் இருந்நு பணி நோக்காமல்லோ."

நாற்காலியில் உட்கார்ந்தே வேலையைப் பார்த்துக்கொள்ளலாமாம். யாரைச் சொல்கிறார் என்று நான் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்தார். மச்சான் முன்னால் வந்து, "ஆமா சார், சூப்பர்வைசர்தான் சார், நெழல்ல நிக்குத வேலதான் சார்," என்று கும்பிடாத குறையாகத் தலையாட்டினார். டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

"யாரு சூப்பர்வைசர்?" என்றேன்.

"மெதுவாப் பேசும். நீருதான்."

என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டீக்கடை வைத்திருக்கிறார். எனக்கு முன்பே இங்கே வந்தவர். இந்த ஊர் ஆட்கள் எப்படி, யாரிடம் எதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதெல்லாம் தனக்குத்தான் தெரியும் என்பார். பாதிக்கு மேல் சரியாகத்தான் இருக்கும். என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும், பணம் கட்டியதும், கையெழுத்துப் போட்டதும் அவர்தான். தான் சேர்ந்திருந்த ஏலச்சீட்டை, கழிவு போனாலும் போகட்டும் என்று முன்கூட்டியே தள்ளி எடுத்துக் கட்டினார்.

"என்ன வேலைன்னு கேட்டாவ மாப்ள. கூலி வேலைன்னு சொன்னா இவன் பைசா கெட்டுவானா மாட்டானான்னுதான் மொதல்ல பாப்பாவ. நம்ம மூஞ்சிய வேற பாத்தா சொல்லவே வேண்டாம், தமிழ்நாட்டுப் பாண்டின்னு எழுதி ஒட்டியிருக்கு. சூப்பர்வைசர்னு சொன்னேன். கவுண்டர்ல இருந்த புள்ள ஒடனே ஒம்ம சார்னு சொல்லிச்சு பாரும். ஸ்ட்ரெச்சர் தானா வந்துச்சு."

"நான் கசேரியில உக்காந்தா டைல்ஸு போடுதேன்?"

"எலும்புக்கு என்னவே தெரியும், நீரு என்ன வேலன்னு?"

என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணே, எலும்புக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியணும்லா?"

டைல்ஸ் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தரைக்கு டைல்ஸ் போடுகிறவன் வேலை முழுக்கக் குத்துக்காலிட்டுத்தான். அறையின் கடைசிச் சுவரில் ஆரம்பிக்க வேண்டும். ஒரு வரிசை முடித்ததும் எழுந்திருக்காமல் அப்படியே பின்னால் நகர்ந்து அடுத்த வரிசை. போட்டதை மிதிக்கக் கூடாது. வாசல் வரை வாத்து மாதிரிப் பின்னால் பின்னால் வந்து, நிலைக்கு வெளியே வந்த பிறகுதான் எழுந்து நிற்பது. முழங்கால் போட்டால் பசை சிதறும், மட்டம் போகும். குதிகால் தரையில் பதிந்து, முழங்கால் முன்னால் மடிந்து உட்கார்ந்தால்தான் இரண்டு கையும் சும்மா இருக்கும், ரப்பர் சுத்தியலால் தட்டலாம். அந்த உட்காரல் இல்லாதவன் டைல்ஸ்காரன் இல்லை.

ஆஸ்பத்திரியில் மீதி இருந்த நாளெல்லாம் எனக்கு ஒரே யோசனை. சூப்பர்வைசருக்கு என்று ஒரு பிளேட் வைத்திருப்பார்களோ? மேசைக்காரனுக்கு ஒரு மாதிரி, குத்துக்காலிடுகிறவனுக்கு ஒரு மாதிரி என்று ஏதாவது இருக்குமோ? உண்மையைச் சொன்னால், பொய் சொல்லி வைத்ததுதானே, திறந்து எடுத்துவிடலாம் என்பார்களோ? சொல்லாவிட்டால் கால் இந்த மட்டத்திலேயே இறுகிவிடுமோ? டாக்டர் ஒவ்வொரு முறை வரும்போதும் வாயைத் திறப்பேன். மச்சான் இருமுவார். நான் மூடிக்கொள்வேன். கண்டக்டருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நர்ஸ் வரும்போதெல்லாம், "நம்மட சூப்பர்வைசருக்கு சாயா உண்டோ?" என்று ஆரம்பித்துவிடுவார். அவள் போனதும் என் பக்கம் திரும்பி, "டிக்கட் எடுக்காத்த ஆளப் போல பேடிச்சு இருக்காதே அண்ணாச்சி. செக்கிங் வந்தா பாக்கலாம்," என்பார்.

வீட்டுக்கு வந்தோம். வீடு என்றால் கரமனையில் ஆற்றுக்குப் போகிற வழியில் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறை. கக்கூஸ் வெளியே, மூன்று குடும்பத்துக்கு ஒன்று. குத்துக்காலிடுகிற கக்கூஸ். ஊரில் எத்தனையோ வீட்டுக்கு வெள்ளை க்ளோசெட் வைத்து, சுற்றி டைல்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஒன்று வேண்டும் என்று அதுவரை தோன்றியதே இல்லை.

மச்சான் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கொண்டுவந்தார். என் பையிலிருந்த கட்டர் மெஷினை எடுத்து நடுவில் வட்டமாக அறுக்க உட்கார்ந்தார். டைல்ஸ் அறுக்கிற பிளேடு. பிளாஸ்டிக் உருகிப் புகை வந்தது. வீட்டுக்காரம்மா தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்தார்.

"எந்தோந்நா இது?"

"கசேரி வேல, சேச்சி," என்றார் மச்சான். "சூப்பர்வைசருக்கு."

வட்டம் வரவில்லை. முட்டை மாதிரி வந்தது, ஒரு பக்கம் பிசிர். என் மனைவி அந்தப் பிசிரைச் சுற்றிப் பழைய துண்டு வைத்துத் தைத்தாள். அந்த நாற்காலியில்தான் என் மானம் அத்தனை நாளும் உட்கார்ந்திருந்தது.

காலை ஊன்றக் கூடாது. ஆறு வாரம். உயர்த்தி வைத்தே கிடக்க வேண்டும். என் மனைவி காலையிலேயே பெண்கள் ஹாஸ்டலுக்குச் சமைக்கப் போய்விடுவாள். நான் தனியாகத் தரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அந்தத் தரையை எவன் போட்டானோ. பாயில் படுத்தால் கண் மட்டத்துக்கு வரிசை தெரியும். கதவுக்கு நேரே ஆரம்பித்த கோடு ஜன்னலுக்கு வரும்போது அரை விரல் தள்ளிப் போயிருந்தது. வாக்கரின் காலால் தட்டிப் பார்ப்பேன். நிறைந்த டைல்ஸுக்கு ஒரு சத்தம், அடியில் பசை போகாத டைல்ஸுக்கு ஒரு சத்தம். அலமாரிக்குப் பக்கத்தில் ஒன்று பொள்ளல். அதைத் தட்டாமல் இருக்க முடியவில்லை. தட்டினால் எரிச்சல் வருகிறது, தட்டாவிட்டால் அதைவிட எரிச்சல். பக்கத்து அறைப் பெண் ஒருநாள் சுவரைத் தட்டி, "அண்ணா, யாரையாவது விளிக்கணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அப்புறம் துணி சுற்றிய முனையால் தட்டினேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வி கேட்டார்கள். எப்ப நடப்பீங்க? ஊரிலிருந்து அக்கா போனில் அதையே கேட்டாள். நடப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று நானும் சொன்னேன்.

சரியான கேள்வியைக் கேட்டது மேஸ்திரி மட்டும்தான். நாகர்கோவில் பக்கத்து ஆள். ஒரு கிலோ ஆரஞ்சோடு வந்தார். கட்டுப் பிரித்த காலை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"என்னடே மக்கா, குத்தவைக்க வருமா?"

"நடக்கலாம்னு சொல்லியிருக்காவ அண்ணே."

"நடக்கதுக்கு ஆளு எனக்கு எதுக்கு? ரோட்டுல ஆயிரம் பேரு நடக்கான். குத்தவைக்க வருமான்னு கேட்டேன்."

அவர் ஒரு ஆரஞ்சை அவரே உரித்துத் தின்றார். வங்காளத்துப் பையன்கள் இரண்டு பேரைப் போட்டு வேலை ஓட்டுவதாகச் சொன்னார். கை நல்ல கை, வேகமும் உண்டு, மூலையில் மட்டும் கொஞ்சம் கோட்டை விடுகிறான்கள் என்றார். ஓணம் வரை பார்ப்பேன், அதற்குள் வந்தால் வா, அதற்கு மேல் என்னிடம் கோபித்துச் சடைக்கக் கூடாது என்று எழுந்தார். கெட்டவர் இல்லை. என்னை ஜீப்பில் ஏற்றி விட்டவர் அவர்தான். ஆனால் அவருக்கும் வேலை கொடுத்த வீட்டுக்காரன் பின்னால் நிற்கிறானே.

அவர் போன பிறகு சுவரைப் பிடித்து நின்று மெல்ல உட்கார்ந்து பார்த்தேன். பாதி தூரம் கூடப் போகவில்லை. இடது குதிகால் தரையில் இருந்தது. வலது குதிகால் மேலே தூக்கிக்கொண்டது. கணுக்காலின் முன்பக்கம் யாரோ ஆப்பு அடித்து வைத்தது போல நின்றது. அதற்கு மேல் மடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் சின்ன வயது. என்னை வாய் நிறைய சார் என்பாள். காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, அளவுகோல் மாதிரி ஒன்றை வைத்துக் கோணம் பார்ப்பாள். கம்பியைப் பிடித்து நடக்க வைப்பாள். நான் நன்றாகத்தான் நடந்தேன். ஒருநாள் அளந்துவிட்டுச் சிரித்தாள்.

"சாரே, இத்ர மதி. ஓபீஸ் பணியல்லே. இனி வரண்டா. வீட்டில செய்தா மதி."

ஆபீஸ் வேலைக்கு இவ்வளவு மடிந்தால் போதுமாம், இனி வர வேண்டாமாம். என் மனைவி என் முதுகில் விரலால் குத்தினாள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், இன்றைக்குச் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று. எனக்கு வாய் வரவில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் முன்னால், அவர்கள் சொன்னதை இல்லை என்று சொல்ல எங்கிருந்து வரும்?

"மேடம், குத்தியிருக்கணும், குத்தவைக்கணும்," என்றேன் கடைசியில்.

"எந்தினு? வீட்டில யூரோப்பியன் வெச்சா போரே?" வெள்ளை க்ளோசெட் வைத்தால் போதாதா என்கிறாள்.

"அதுக்கில்ல மேடம்."

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் செய்து காட்டினேன். கம்பியை விட்டேன், உட்கார்ந்தேன். குதிகால் தூக்கியது, பின்னால் சாய்ந்தேன், அப்படியே மல்லாந்து விழுந்தேன். கையில் பந்து வைத்து அமுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பந்தை விட்டுவிட்டார். அவள் ஓடிவந்து என்னைத் தூக்கினாள். தரையில் கிடந்துகொண்டே சொன்னேன். சூப்பர்வைசர் இல்லை. டைல்ஸ் போடுகிறவன். உட்கார முடியாவிட்டால் சோறு இல்லை.

அவள் என் மனைவியைப் பார்த்தாள். "பின்னே சூப்பர்வைசர்னு பறஞ்ஞது ஆரு?"

"எங்க அண்ணன்," என்றாள் என் மனைவி.

"அந்த அண்ணனை ஒண்ணு கொண்டுவா."

அடுத்த முறை மச்சான் வந்தார். கையில் கடையிலிருந்து ஒரு பொட்டலம் பருப்பு வடை. திருடனைப் பிடித்து நிறுத்தியது போல நின்றார்.

"அது ஒரு மரியாதைக்குச் சொன்னது மேடம்."

"மரியாதைக்குக் கணுக்கால் மடங்ஙுமோ?"

மச்சான் வடையை அவள் மேசையில் வைத்தார். அவள் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே எனக்கு விளக்கினாள். பிளேட்டில் சூப்பர்வைசர் பிளேட், கூலி பிளேட் என்று இல்லை. நான் கேட்டதும் சிரிப்பை அடக்க அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எலும்பு சரியாகத்தான் கூடியிருக்கிறது. நடக்கக் கொஞ்சம் மடிந்தால் போதும் என்று அவள் அதோடு நிறுத்திவிட்டாள். தெரிந்திருந்தால் கட்டுப் பிரித்த நாளிலிருந்தே முன்பக்கம் மடக்க வைத்திருப்பாள். இப்போது நரம்பும் தசையும் இறுகிவிட்டது, இழுக்க வேண்டும், நாளாகும். முழுதாக வருமா என்று கேட்டேன்.

"உறப்பு பறயான் பற்றில்லா, சேட்டா."

உறுதி சொல்ல முடியாதாம். அன்றிலிருந்து சார் போய் சேட்டன் ஆனேன். வெளியே வந்ததும் மச்சான் அதைத்தான் சொன்னார், "பாத்தீரா, சார் போச்சு." எனக்கு என்னவோ அந்தச் சார் போனதும் முதுகிலிருந்து ஒரு பெட்டி இறங்கியது போல இருந்தது. ஆனால் எனக்கு நிம்மதி என்பது பத்து நிமிடம் தங்குகிற விருந்தாளி. பஸ் ஏறுவதற்குள் வேறு கவலை வந்துவிட்டது. உறுதி சொல்ல முடியாது என்றாளே. ஓணத்துக்கு முன் வருமா?

அவள் கொடுத்த பயிற்சி, சுவருக்கு நேரே நின்று பெருவிரலைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்து, குதிகால் தூக்காமல் முழங்காலைச் சுவரில் தொட வேண்டும். தொட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். என் மனைவி ஹாஸ்டலிலிருந்து வந்ததும் தரையில் உட்கார்ந்து என் குதிகாலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொள்வாள்.

"தூக்குதா?"

"தூக்கல."

"நல்லாப் பாரு. லேசாத் தூக்குன மாதிரி இருந்துச்சு."

"குதிகாலக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கேன். சத்தியம் வேற பண்ணணுமா?"

முதலில் சுவரோடு ஒட்டி நின்றாலே வலித்தது. அப்புறம் ஒரு விரல், அப்புறம் இரண்டு விரல். சில நாள் முந்தின நாளைவிடக் குறையும். குறைந்த நாளில் நான் சாப்பிட மாட்டேன். என் மனைவி அதற்காகவே சில நாள் அளவைக் கூட்டிச் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். கேட்டால் முறைப்பாள்.

ஓணம் நெருங்கியபோது மச்சான் ஒரு யோசனையோடு வந்தார்.

"சொன்னத உண்மையாக்கிருவோம் மாப்ள. மேஸ்திரிகிட்டப் பேசிட்டேன். தம்பானூர்ல ஒரு லாட்ஜு பாத்ரூம் வேல. பசங்க போடுவானுவ. நீரு நின்னு பாத்தாப் போதும்."

"நானா? அளவு எழுதணும், கணக்கு சொல்லணும், ஓனர்கிட்ட மலையாளத்துல பேசணும்."

"இத்தன வருசமா என்ன சைகையிலயா பேசுதீரு?"

போனேன். மூன்று நாள் சூப்பர்வைசராக இருந்தேன். அந்த மூன்று நாளைப் போல ஒரு கஷ்டத்தை ஆஸ்பத்திரியில்கூட நான் படவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் கோடு விலகுகிறது. வாயால் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பையன்களுக்கும் தமிழும் அரைகுறை, மலையாளமும் அரைகுறை. எனக்கு இந்தி இல்லை. நான் "இங்க, இங்க" என்பேன். அவன் "டீக் ஹை பாய்" என்பான். சரி அண்ணே என்கிறான், ஆனால் எதுவும் டீக் ஆகாது.

மூன்றாம் நாள் தண்ணீர் போகிற வாட்டம் தப்பியது. தண்ணீர் ஓட்டைக்குப் போகாமல் கதவுக்கு வரும். நாளை லாட்ஜில் தங்குகிறவன் குளித்தால் கட்டில் வரை ஈரம். எனக்கு அப்போது கணுக்கால் ஞாபகமே இல்லை. சுத்தியலை அவன் கையிலிருந்து பிடுங்கி, கீழே உட்கார்ந்து, டைல்ஸைப் பெயர்த்து, பசையைக் கொஞ்சம் வழித்து, திரும்ப வைத்துத் தட்டினேன். அடுத்ததையும் தட்டினேன். சத்தம் நிறைவாக வந்தது. பின்னால் நகரலாம் என்று நினைத்தபோதுதான் நான் எப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்பது தெரிந்தது.

குனிந்து பார்த்தேன். வலது குதிகால் தரையில் இல்லை. ஒரு விரல் தூக்கியிருந்தது. ஆனால் உட்கார்ந்திருந்தேன்.

எழுந்திருக்க முடியவில்லை. பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒன்றுமில்லை, குழாய்கூட இன்னும் வைக்கவில்லை. பையன்கள் இருவரும் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அதில் ஒருவன் சிரித்துக்கொண்டே, "சூப்பர்வைசர் சாப், நீச்சே நஹி," என்றான். கீழே உட்காராதே என்கிறான். சாயங்காலத்துக்குள் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. என் மனைவி வெந்நீர் வைத்துக்கொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே அந்த ஒரு விரல் எவ்வளவு என்று காட்டச் சொல்லிப் பார்த்தாள்.

மேஸ்திரியிடம் மறுநாளே சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் வேலை வேண்டாம். நான் சுவர் போடுகிறேன், தரை பையன்கள் போடட்டும். சுவர் டைல்ஸ் பாதிக்கு மேல் நின்று போடுவது. அடி வரிசை மட்டும் உட்கார வேண்டும். அதற்கு ஒரு மரச்சக்கையைச் சீவி வைத்திருக்கிறேன். குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொண்டால் உட்காரல் நிற்கிறது. நகரும்போதெல்லாம் சக்கையையும் நகர்த்த வேண்டும். அதனால் வேகம் இல்லை. மேஸ்திரி அரைச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலே சொன்னார். தரையில் நீ முழுசா உட்கார்ந்த அன்றைக்கு முழுசா வாங்கிக்கோ என்றார். நியாயம்தான். நான் அதிலும் பயந்தேன். பையன்கள் மூலையைச் சரியாகப் போடக் கற்றுக்கொண்டால்? மாடியில் பெட்டி தூக்கச் சொன்னால்? பிளேட் உள்ளேயே துருப்பிடித்தால்? பிடிக்காது என்று அந்தப் பயிற்சிப் பெண் போனில் சொன்னாள். இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் சொன்னாள்.

சுவர்ப் பயிற்சியை இன்னும் விடவில்லை. மனைவி அமுக்குகிறாள், நான் கேட்கிறேன், அவள் தூக்கவில்லை என்கிறாள். மழை பெய்கிற அன்று கணுக்கால் இறுகுகிறது. இந்த ஊரில் எந்த மாதம் மழை இல்லை?

சனிக்கிழமை கூலி வாங்கியதும் நேரே மச்சான் கடைக்குப் போய்விடுவேன். வைத்திருந்தால் செலவாகிவிடும் என்ற பயம். அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், முதலில் குதிகாலைப் பார்ப்பார்.

"எறங்கிருச்சா?"

"கொஞ்சம்."

"அவசரமில்ல மாப்ள. சீட்டு நான் பாத்துக்கிடுதேன்."

அவசரமில்லை என்று ஒருவர் சொன்னால் அதை நம்பி எனக்குத் தூக்கம் வராது. தள்ளி எடுத்த சீட்டுக்கு மாதா மாதம் அவர்தான் கட்டுகிறார் என்பது எனக்குத் தெரியாதா? இந்த வாரம் கொடுத்த ஆயிரத்து ஐந்நூறு போக, மச்சானுக்கு நான் இன்னும் தர வேண்டியது தொண்ணூற்று ஏழாயிரம் ரூபாய்.